ஓரம் மட்டும் சிவக்க வேண்டும்

வாழைப்பூ ஆய்ந்து பழகியவர்களுக்கு ஊலாங் தேயிலையின் பாதி ரகசியம் ஏற்கெனவே தெரியும். நறுக்கிய பூவை மோர் கலந்த தண்ணீரில் போடாமல் விட்டால், அடுப்பைப் பற்றவைத்துத் திரும்புவதற்குள் கறுக்கத் தொடங்கிவிடும். கத்தரிக்காயும் வாழைக்காயும் அப்படித்தான். கத்தி படாத காய் கறுப்பதில்லை. வெட்டுப்பட்ட இடத்தில்தான் கறுப்பு ஏறுகிறது. செல்களுக்குள் தனித்தனி அறைகளில் கிடந்தவை வெட்டியதும் ஒன்றோடொன்று கலக்கின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றோடு சேர்கிறது, நிறம் மாறுகிறது. மோரின் புளிப்பு அந்த வேலையைத் தாமதப்படுத்துகிறது.

தேயிலைக்குள்ளும் இதே ஏற்பாடுதான். துவர்ப்பைத் தரும் கேட்டச்சின்கள் செல்லின் நடுவேயுள்ள நீர்ப்பையில் இருக்கின்றன. அவற்றை உருமாற்றும் நொதி பச்சையம் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. இலை காயப்படாதவரை இரண்டும் சந்திப்பதில்லை. நசுங்கினால் சந்திக்கின்றன. பச்சை மங்கிச் செம்பு நிறமாகிறது, செம்பு பழுப்பாகிறது, துவர்ப்பு குறைந்து சாயம் கூடுகிறது. டீக்கடைத் தேநீரின் சிவப்பு அங்கிருந்து வருவதே. தொழிற்சாலைகளில் இதை 'நொதித்தல்' என்று சொல்வது வழக்கம். இட்லி மாவு புளிப்பதுபோல நுண்ணுயிர்கள் செய்யும் வேலை என்று அந்தச் சொல் நம்மை நினைக்கவைத்துவிடுகிறது. இங்கே வேலை செய்வது இலையின் சொந்த நொதியும் காற்றும்தான்.

பறித்த இலைக்கு உடனே சூடு காட்டி நொதியை முடக்கிவிட்டால் கிரீன் டீ. நன்றாக நசுக்கி, முழுவதும் சிவக்கவிட்டு, பிறகு உலர்த்தினால் நாம் தினமும் குடிக்கும் கறுப்புத் தேயிலை. இரண்டுக்கும் இடையில் நிற்பது ஊலாங். மூன்றுக்கும் செடி ஒன்றே: கமெலியா சினென்சிஸ். கிரீன் டீயையும் கறுப்புத் தேயிலையையும் கலந்தால் ஊலாங் ஆகுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆகாது. பாலையும் வெண்ணெயையும் கலந்து தயிர் செய்துவிட முடியாது அல்லவா?

பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடும்: ஊலாங் என்பது பாதி சிவந்த தேயிலை, அவ்வளவுதான். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையில் ஒரு சிறிய தேயிலைக் கூடத்தில் நான்கு பனிக்காலங்களாக ஊலாங் செய்துவருகிறேன். அந்த விளக்கம் போதாது என்பது என் உறுதியான எண்ணம். அது மட்டுமே உண்மையாக இருந்தால், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்திலிருந்து விழும் தூளைப் பாதி நேரத்தில் எடுத்து உலர்த்தினாலே ஊலாங் கிடைத்துவிட வேண்டும். கிடைப்பதில்லை. பச்சை வாடையும் கசப்பும் கலந்த ஒன்றுதான் கிடைக்கும். எவ்வளவு சிவந்தது என்பதைவிட எங்கே சிவந்தது என்பதே ஊலாங்கில் முக்கியம். இலையின் விளிம்பு மட்டும் காயப்பட வேண்டும். நடுப்பகுதி இரவெல்லாம் உயிரோடு இருக்க வேண்டும்.

பறித்த இலைக்கு ஏது உயிர் என்று தோன்றலாம். மதுரை மல்லியை நினைத்துப் பாருங்கள். காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள். அது பஸ் ஏறி, சந்தைக்கு வந்து, தொடுக்கப்பட்டு, மாலையில் தலையில் சூடிய பிறகு மலர்கிறது. மணம் வருவதும் அப்போதுதான். செடியிலிருந்து பிரிந்த பிறகும் அந்த மொட்டு மூச்சுவிடுகிறது, தன் மணத்தைத் தானே செய்துகொள்கிறது. தேயிலையும் அப்படியே. வெயில் பட்டு வாடுவது, ஓரம் அடிபடுவது, தண்ணீர் குறைவது எல்லாம் அந்த இலைக்குத் துன்பங்கள். உயிருள்ள இலை அவற்றுக்குப் பதில் சொல்கிறது. புதிய மணங்கள் உருவாகின்றன. நல்ல ஊலாங்கில் மல்லிகை வாசம் அடிக்கிறதே, அது கற்பனையன்று. இண்டோல், லினலூல், ஜாஸ்மின் லாக்டோன் என்று மல்லிகையில் இருக்கும் பொருள்கள் ஊலாங் இலையிலும் உருவாகின்றன. இலையை முழுக்க நசுக்கிவிட்டால் பதில் சொல்ல அங்கே உயிர் இருக்காது.

இந்தக் கலை பிறந்த இடம் சீனாவின் ஃபூஜியான் மாகாணம். அங்குள்ள வூயி மலையும் ஆன்ஷி வட்டாரமும், குவாங்டாங் மாகாணத்தின் ஃபீனிக்ஸ் மலையும், கடல் கடந்து தைவானும் ஊலாங்கின் பெரிய வீடுகள். சீன மொழியில் அதன் பெயருக்குக் கரிய டிராகன் என்று பொருள். நீலகிரிக்குத் தேயிலை 1830-களில் கேத்தியில் சோதனைப் பயிராக வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனக் கைதிகள் நடுவட்டத்துக்கும் தாய்சோலைக்கும் கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். பழைய தோட்டங்களில் சீன வகைச் செடிகள் இன்னும் நிற்கின்றன. சிறிய இலை, மெதுவான வளர்ச்சி, நல்ல மணம். எடைக்கு விற்பவருக்கு அவை இலாபம் தருவதில்லை. ஊலாங் செய்பவருக்கு அவைதான் சொத்து.

செயல்முறைக்கு வருகிறேன். முதல் சிக்கல் பறிப்பதிலேயே தொடங்கியது.

என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஒரு மொட்டு, இரண்டு இலை என்பது அவர் விரல்களில் ஊறிய கணக்கு. ஊலாங்குக்கு மொட்டு விரிந்து முடிந்து, நுனி இலை ஓரளவு திறந்து, மூன்று நான்கு இலைகளோடும் காம்போடும் இருக்கும் தளிர் வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் என்னை நம்பவே இல்லை. "முற்றிய இலையையும் காம்பையும் பறித்தால் எடை போடும் இடத்தில் கழித்துவிடுவார்களே" என்றார். அவர் சொன்னது அவர் அறிந்த உலகத்தில் சரி. ஆனால் மிகவும் இளசான கொழுந்து இரவெல்லாம் குலுக்குவதைத் தாங்காது. கிழிந்து, முழுக்கச் சிவந்துவிடும். மேலும் அந்தக் காம்பு ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் பயன் நள்ளிரவில் தெரியும்.

காலைப் பனி காய்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் பறிப்பது நல்லது. பறித்ததைச் சாக்கில் திணிக்கக் கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. நம் மலையில் பசுந்தேயிலை சாக்கிலோ வலைப்பையிலோ அடைக்கப்பட்டு, வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தொழிற்சாலைக்குப் போகிறது. எப்படியும் நசுக்கப்போகிற இலைக்கு அதனால் வரும் கேட்டைச் சமாளித்துவிடலாம். ஊலாங்குக்கு அது முடிவு. மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். இலைகள் அங்கேயே கண்ட இடத்தில் சிவக்கத் தொடங்கியிருக்கும். நாங்கள் கூடையில் தளர்வாகப் போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடுவோம்.

பிறகு வெயில். உச்சி வெயில் ஆகாது, இலையைச் சுட்டுவிடும். மூன்றரை, நான்கு மணிக்குச் சாயும் வெயிலில் துணி விரித்து, இலை மேல் இலை அதிகம் படாமல் பரப்புகிறோம். அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம்வரை போதும். எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் போகும். இலையின் பளபளப்பு மங்கும். காம்பைப் பிடித்து நிமிர்த்தினால் நுனி தலைகுனியும். அதுதான் பதம். மழைநாளில் இது நடக்காது. ஜூன் முதல் டிசம்பர்வரை இரண்டு பருவமழைகளும் மாறி மாறி வரும் நீலகிரியில், ஊலாங்குக்கு ஏற்ற காலம் பனிக்காலமே. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச்வரை வானம் தெளிவாக இருக்கிறது. இரவின் குளிரில் செடி மெதுவாக வளர்கிறது, இலையில் மணம் திரள்கிறது. உறைபனிக் காலத்து இலைக்கு நீலகிரி பெயர் பெற்றிருப்பதன் காரணமும் அதுவே. ஆனால் உறைபனி நேரடியாகக் கருக்கிய இலை எதற்கும் உதவாது.

வெயிலிலிருந்து உள்ளே எடுத்ததும் மூங்கில் தட்டுகளில் பரப்பி ஆறவிடுகிறோம். சிறிது நேரத்தில் ஓர் அழகான மாற்றம் தெரியும். துவண்டு கிடந்த இலைகள் மெல்ல நிமிரும். வாடிய கீரையில் தண்ணீர் தெளித்ததுபோல இருக்கும். ஆனால் யாரும் தெளிக்கவில்லை. காம்பிலும் நரம்பிலும் மிச்சமிருந்த தண்ணீர் இலைப்பரப்புக்கு நகர்ந்திருக்கிறது. சீனத் தொழிலாளர்கள் இதைத் தண்ணீர் நடப்பதாகச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லின்மேல் பெரிய மதிப்பு. அம்மா கழிவு என்று நினைத்த காம்பு இப்போது இலைக்கு நீர் வார்த்துக்கொண்டிருக்கிறது.

இருட்டியதும் உண்மையான வேலை தொடங்குகிறது.

ஊலாங்கின் உயிர்நாடி குலுக்குவதில்தான் இருக்கிறது. தட்டை இரு கைகளாலும் பிடித்து, முறத்தில் அரிசி புடைப்பதுபோல, ஆனால் அதைவிடச் சுழற்சியாக, இலைகள் எழுந்து ஒன்றோடொன்று மோதி விழும்படி குலுக்க வேண்டும். அளவு அதிகமாக இருந்தால் மெதுவாகச் சுழலும் மூங்கில் உருளை பயன்படும். இலைகள் மோதும்போது அடிபடுவது விளிம்புதான். அங்குள்ள செல்கள் உடைகின்றன. உடைந்த இடத்தில் வாழைப்பூவின் கதை நடக்கிறது. நடுப்பகுதிக்கு எதுவும் ஆகவில்லை. குலுக்கிய பின் பரப்பிவைத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் விடுகிறோம். இலை மறுபடி துவளும். பிறகு காம்புத் தண்ணீர் வந்து மறுபடி நிமிரும். நிமிர்ந்ததும் அடுத்த சுற்று. இப்படி நான்கு சுற்றுகள், சில இரவுகளில் ஐந்து. முதல் சுற்று மென்மையாக, ஒன்றிரண்டு நிமிடம் மட்டும். போகப் போக நேரமும் வேகமும் கூடும். பரப்பும் அடுக்கும் கனமாகும்.

இதை எழுத்தில் படிப்பது சுலபம். இரண்டாம் ஆண்டு ஜனவரியில், குளிர் கடுமையாக இருந்த ஓர் இரவில், இலை சிவக்கத் தாமதமாகிறதே என்று முதல் சுற்றிலேயே பலமாகக் குலுக்கிவிட்டேன். விளிம்போடு நரம்புகளும் முறிந்தன. நரம்பு முறிந்தால் தண்ணீர் நடக்கும் பாதை அடைபடும். அந்த இலைகள் பிறகு நிமிரவே இல்லை. நடுவில் கறுப்புத் திட்டுகள் விழுந்தன. மணமும் வரவில்லை. விடியும்போது நாற்பது கிலோ இலையும் வீண். அதைப் பறித்த பெண்களின் ஒருநாள் உழைப்பு அதில் இருந்தது. அன்றைய வருத்தம் இன்றும் எனக்குள் இருக்கிறது. அன்று முதல், குளிர்ந்த இரவில் கையை விரைவுபடுத்துவதில்லை, கூடத்தைச் சூடாக்குகிறேன். இருபது முதல் இருபத்தைந்து டிகிரி வெப்பமும், நல்ல ஈரப்பதமும் வேண்டும். நம் பனிக்காலக் காற்று மிகவும் வறண்டது. அதனால் சுவரோரம் ஈரத்துணி தொங்கவிடுகிறோம்.

எப்போது நிறுத்துவது? கடிகாரம் உதவாது. மூக்குதான் உதவும். முதல் சுற்றுகளில் புல் வெட்டிய வாடை அடிக்கும். சமையலில் 'பச்சை வாசனை போகும்வரை' என்று சொல்வோமே, அந்த அளவுகோல் இங்கே அப்படியே பொருந்துகிறது. நள்ளிரவு தாண்டியதும் பச்சை வாசனை குறைந்து, தட்டின் மேல் குனிந்தால் பூ மணம் தெரியத் தொடங்கும். பிறகு அது பழ மணமாக மாறும். பூவில் நிறுத்தினால் இளம் ஊலாங், பழம் வரை போனால் முதிர்ந்த ஊலாங். ஊலாங்கில் சிவப்பின் அளவு பத்து சதவீதத்துக்கும் குறைவாகவும் இருக்கலாம், எழுபது எண்பது வரையும் போகலாம். ஒரு விளக்கின் முன் இலையைப் பிடித்தால் விளிம்பு முழுவதும் குங்குமக் கோடு போட்டதுபோல ஓடும், நடுவே பச்சை. மூன்று பங்கு சிவப்பு, ஏழு பங்கு பச்சை என்பது சீனாவில் பழகிவந்த கணக்கு.

தத்துப்பூச்சி கடித்த இலையைத் தேடிப் பறித்துச் செய்யும் ஒரு ஊலாங்கும் தைவானில் உண்டு. பூச்சியின் கடிக்கு இலை சொல்லும் பதிலில் தேன் மணம் வருகிறது. அதற்காக அந்தத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பதில்லை. இலையின் துன்பம் மணமாக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பதம் வந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது. இருநூறு டிகிரிக்கு மேல் சூடான இரும்புச் சட்டியில், அல்லது சூடான உருளையில், இலையைப் போட்டுப் புரட்டுகிறோம். படபடவென்று பொரியும் ஓசை கேட்க வேண்டும். ஓசை இல்லையென்றால் சூடு போதாது. சில நிமிடங்களில் இலையின் உள்வெப்பம் எண்பது டிகிரியைத் தாண்டி, நொதி செயலிழக்கிறது. சிவப்பு அந்த இடத்தில் நிற்கிறது. அரைகுறையாகச் சூடாக்கினால் காம்புக்குள் நொதி பிழைத்துக்கொள்ளும். மறுநாள் காம்பு சிவந்து, தேநீர் கசக்கும்.

சூட்டோடு சூடாக உருட்டல். வூயி மலை வகை நீளமாக முறுக்கப்பட்டிருக்கும். நம்மிடம் இருக்கும் ரோலரில், அழுத்தத்தைக் குறைத்து, அதை ஓரளவு செய்யலாம். ஆன்ஷி, தைவான் வகைகள் மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகளாக இருக்கும். அதற்கு இலையை இளஞ்சூடாக்கி, துணியில் மூட்டையாகக் கட்டி, முறுக்கி, உருட்டி, அவிழ்த்து, உதிர்த்து, மறுபடி சூடாக்கி, மறுபடி கட்ட வேண்டும். இருபது முப்பது முறை. தோள்பட்டை வலிக்கும் வேலை. உருண்டை வடிவம் அழகுக்காக மட்டும் வந்ததன்று. இறுகச் சுருண்ட இலை மணத்தை நீண்ட நாள் காக்கிறது, தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகவே விடுகிறது.

உலர்த்துவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுமார் நூறு டிகிரியில் சூடான காற்று, ஈரம் ஐந்து சதவீதத்துக்குக் கீழே வரும்வரை. பறிக்கும்போது இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்; ஆகவே நான்கு ஐந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தேயிலைதான் மிஞ்சும். காய்ந்த பிறகு பெண்கள் உட்கார்ந்து காம்புகளைப் பொறுக்கி நீக்குகிறார்கள். தண்ணீர்த் தொட்டியின் வேலை முடிந்துவிட்டது.

இங்கேயே நிறுத்திக் குடிக்கலாம். இன்னொரு படியும் உண்டு: வறுப்பு. சீனத்துப் பழைய முறையில் கரி நன்றாகக் கனன்றதும் அதன்மேல் சாம்பலைப் போர்த்துகிறார்கள். சுடர் கூடாது, புகை கூடாது. நம் மொழியில் நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அது அங்கே ஒரு தொழில்நுட்பம். அதன்மேல் மூங்கில் கூடையில் இலையை வைத்து மணிக்கணக்கில், இடையிடையே கிளறி, வறுக்கிறார்கள். பூ மணம் அடங்கி, வறுத்த கடலையும் வெல்லப்பாகும் நினைவுக்கு வரும் மணம் எழும். நாங்கள் மின்சார அடுப்பில் செய்கிறோம். கரியின் ஆழம் அதில் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. எடையைக் குறைக்கும் மருந்து என்று சொல்லி ஊலாங்கை விற்பவர்களை நான் ஏற்பதில்லை. அதில் காஃபீனும் இருக்கிறது. இரவு தூக்கம் வராதவர்கள் மாலைக்குப் பின் குடிக்க வேண்டாம். வாசனைச் சாறு தெளித்த இலையும் ஊலாங் என்ற பெயரில் வருகிறது. ஏமாறாமல் இருக்க ஓர் எளிய வழி உதவும்: குடித்து முடித்த இலையை விரித்து, விளிம்பில் அந்தச் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

குடிக்கும் முறையும் கடினமில்லை. ஒரு சின்னக் குவளைக்கு, சுமார் 200 மில்லிக்கு, மூன்று கிராம். தண்ணீர் 90 முதல் 95 டிகிரி. சமவெளியில் இருப்பவர்கள் கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட வேண்டும். மலையில் அந்தக் கவலை இல்லை. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அது 93 டிகிரிக்குச் சற்று முன்பே கொதித்துவிடுகிறது. கொதித்ததும் அப்படியே ஊற்றலாம். மூன்று நிமிடம். பாலும் சர்க்கரையும் வேண்டாம். அதே இலையில் மறுபடி ஊற்றுங்கள். நான்கு ஐந்து முறை தாங்கும். இரண்டாம் குவளைதான் பெரும்பாலும் முதலைவிடச் சிறந்தது, ஏனென்றால் உருண்டை அப்போதுதான் முழுதாக அவிழ்கிறது.

சென்ற பனிக்காலத்தில் நன்றாக அமைந்த ஒரு தொகுதியை அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாலில்லாத தேநீர் அவருக்குப் பழக்கமில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, பூ போட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்றாம் முறை ஊற்றிய பிறகு குவளையிலிருந்து ஓர் இலையை எடுத்து உள்ளங்கையில் விரித்துக் காட்டினேன். சுருண்டு கிடந்தது முழு இலையாக விரிந்தது. நடுவே பச்சை, சுற்றிலும் மெல்லிய சிவப்புக் கோடு. அம்மா அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. இலைகளோடு ஒட்டியிருந்த காம்பைத் திருப்பி, அதன் முறிந்த முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். "சுத்தமாகக் கிள்ளியிருக்கிறார்கள்" என்றார்.